பெயர் சுட்டாத மரபும் பெயர் கேட்கும் சட்டமும்

2025 நவம்பர் நடுவில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 2023 ஆகஸ்டிலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று, ஈராண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்போதுதான் விதிகள் வந்தன. சட்டத்தின் பெரும்பகுதி உடனே நடைமுறைக்கு வரவில்லை. நம் விவரங்களை வாங்கி வைத்திருக்கும் நிறுவனங்கள் தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ளப் பதினெட்டு மாத அவகாசம், அதாவது 2027 மே வரை, தரப்பட்டது. ஆனால் அச்சட்டத்தின் கடைசிப் பிரிவில் ஓர் ஓரமாக எழுதப்பட்டிருந்த வரி ஒன்று அவகாசம் ஏதுமின்றி அப்போதே உயிர்பெற்றது. அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் வரி.

குடிமக்களின் விவரங்களைக் காக்கும் பகுதி திண்ணையில் காத்திருக்க, குடிமக்கள் கேள்வி கேட்பதைக் கட்டுப்படுத்தும் பகுதி முந்திக்கொண்டு உள்ளே போய்விட்டது. இந்த முந்துதலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் சட்டப் பிரிவுகளுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றே பொறுக்க வேண்டும். எதை யாரிடம் சொல்லலாம், யாரைப் பெயர் சொல்லிப் பேசலாம், யாரைப் பெயர் சொல்லாமல் விட வேண்டும் என்னும் கேள்விகளை வழக்கறிஞர்கள் எடுத்துக்கொள்வதற்கு மிக முன்பே நம் இலக்கணிகள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த உரிமைக்குத் தமிழில் இன்னும் ஒரே பெயர் அமையவில்லை. 'அந்தரங்க உரிமை' என்கிறார்கள், 'தனியுரிமை' என்கிறார்கள், 'தனிமனித ரகசியம்' என்றும் எழுதுகிறார்கள். தனியுரிமை என்றால் வணிகத்தில் ஒருவருக்கே உரிய விற்பனை உரிமையும் நினைவுக்கு வருகிறது. ரகசியம் என்றவுடனேயே, ஒளிப்பதற்கு ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது. அந்தரங்கம் நல்ல சொல். நம் பாட்டனார் காலத்தில் 'அந்தரங்கக் காரியதரிசி' என்று மிகுந்த கௌரவத்தோடு வழங்கிய சொல். இன்று அதைச் சொன்னால் வார இதழில் மருத்துவர் பதிலளிக்கும் பக்கந்தான் பலருக்கும் ஞாபகம் வருகிறது. சொல் கூசினால் அது குறிக்கும் உரிமையைக் கேட்கவும் கூச்சம் வந்துவிடுகிறது. நாம் அந்தரங்கம் என்ற சொல்லையே ஆள்கிறோம். புழங்கப் புழங்கத்தான் கூச்சம் தெளியும்.

அந்தரங்கம் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர் உடனே எடுத்து வீசும் பழமொழி ஒன்றுண்டு: மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? தவறு செய்யாதவனுக்கு எதை மறைக்க வேண்டும் என்பது இதன் இன்றைய பொருள். பழமொழி சொல்லுவதோ வேறு. வழியில் கள்வர் உண்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது. மடி என்று ஒன்று உண்டு, அதில் இருப்பது அவரவருக்கு உரியது என்பதையும் ஒப்புக்கொள்கிறது. போகிற வழியிலெல்லாம் மடியை அவிழ்த்துக் காட்டு என்று அது யாரிடமும் சொல்லவில்லை.

இனி இலக்கணத்துக்கு வருவோம். தொல்காப்பிய அகத்திணையியல் அன்பின் ஐந்திணைக்கு விதித்த கட்டுப்பாடு தமிழ் படித்தவர் எல்லாருக்கும் தெரியும். மக்களின் அகவாழ்வைப் பாடும்போது எந்த ஒருவரையும் பெயர் சுட்டிப் பாடக் கூடாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாணன் என்ற உறவும் பாத்திரமும் போதும். அகப்பாட்டில் மன்னர் பெயர்கள் வருகின்றனவே என்று கேட்கலாம். அவை உவமையிலும் ஊர்ச் சிறப்பிலும் வருபவை. காதலுக்கு உரியவரின் பெயராக வருவதில்லை. பெயர் சுட்டப்பட்ட மறுகணமே பாட்டு புறத்துக்குப் போய்விடும். புறத்துக்கோ பெயர் வேண்டும். போர் தொடுத்தவன் யார், வாரி வழங்கியவன் யார், புலவனை வெறுங்கையோடு திருப்பியவன் யார் என்று சொல்லாமல் புறம் பாட இயலாது. அதிகாரம் உள்ளவனின் பொதுச்செயல் அவன் பெயரோடு சேர்த்தே பேசப்பட வேண்டும். சாதாரண மனிதரின் உள்வாழ்வு பெயரில்லாமல் பேசப்பட வேண்டும். இப்பாகுபாட்டைக் காதல் கவிதைக்கான உத்தியாக மட்டும் இவ்வளவு நாளும் வகுப்பில் நடத்திவருகிறோம். அதனுள் ஒரு சமூக ஒழுக்கமும் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

இதைவிட நுட்பமான இடம் நெடுநல்வாடை. வாடைக் காலத்தில் பிரிந்திருக்கும் அரசியும் பாசறையில் இருக்கும் அரசனும் அதன் பொருள். பாட்டினுள் எவருடைய பெயரும் இல்லை. இருந்தும் நச்சினார்க்கினியர் அதைப் புறம் என்றே கொண்டார். காரணம், பாசறைக் காட்சியில் வேலின் மீது வேப்பந்தழை கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. ஆகவே ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டது, பெயர் சொல்லாவிட்டாலும் சுட்டியதாகவே ஆகும் என்பது அவருடைய வாதம். அந்த முடிவை ஏற்பதும் மறுப்பதும் இலக்கியக்காரர்களுக்குள் இன்றும் நடக்கும் சண்டை. நாம் அதில் இறங்கவில்லை. உரையாசிரியர் கேட்ட கேள்விதான் நமக்கு முக்கியம்: பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

மறைய மாட்டார் என்பது இன்று கணக்குப் போட்டே நிறுவப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் லதான்யா ஸ்வீனி என்னும் கணினி அறிஞர் 1990ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டு, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீட்டெண் ஆகிய மூன்று மட்டும் கிடைத்தால் அந்நாட்டு மக்களுள் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று 2000இல் காட்டினார். அதற்கு முன்பே, பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து மாசசூசெட்ஸ் மாநில ஆளுநரின் நோய்க்குறிப்பையே அவர் பொறுக்கி எடுத்திருந்தார். வேப்பந்தழையின் வேலையைப் பிறந்த தேதி செய்துவிடுகிறது. நம் 2023ஆம் ஆண்டுச் சட்டமும், பெயர் இருக்கிறதா என்று பாராமல், ஒருவரை இன்னார் என்று அறிய உதவும் எந்த விவரமும் தனிநபர் தரவே என்றுதான் வரையறுக்கிறது. அந்த வரையறையில் குறை சொல்ல நமக்கு ஒன்றும் இல்லை.

அந்தரங்கம் என்பதே மேனாட்டுச் சரக்கு, நம் ஊர்களில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை எல்லாருக்கும் தெரியும் என்பது மற்றொரு வாதம். ஊரார் வாயைப் பற்றிச் சங்கப் புலவர்களுக்குத் தெரியாததா? அம்பல், அலர் என்று அதற்கு இரண்டு படிநிலைகளே வகுத்திருக்கிறார்கள். திருக்குறளில் 115ஆம் அதிகாரம் முழுவதும் அலருக்குத்தான். ஆனால் அலர் தூற்றுபவர் யார் என்பது தலைவிக்குத் தெரியும். அவர் வீட்டுக் கதையும் தலைவியின் தோழிக்குத் தெரியும். அறிதல் இரண்டு பக்கமும் ஓடியது. மேலும் அலர் ஒருநாள் அடங்கும். மணம் முடிந்தால் தானே ஓயும். தரவுக்கிடங்கில் ஏறிய செய்தி ஓய்வதில்லை. அதை வைத்திருப்பவர் நம்மைப் பற்றி எல்லாம் அறிவார். அவர் முகம் நமக்குத் தெரியாது.

பழைய ஊரைக் கொண்டாடுவதும் நம் நோக்கமில்லை. திண்ணை, நடை, கூடம், அடுக்களை என்று வீட்டில் படிப்படியாக அந்தரங்கம் வைத்துக் கட்டிய அதே ஊர், எவர் எந்தப் படிவரை வரலாம் என்பதைச் சாதியைக் கொண்டே முடிவு செய்தது. திண்ணை வைக்க இடமில்லாத குடிசையில் வாழ்ந்தவர்களின் அந்தரங்கத்தை அந்த ஊர் மதித்ததாகச் சொன்னால் அது பொய். அதனால்தான் அந்தரங்கத்தைப் பண்பாட்டின் பொறுப்பில் விடாமல், சட்டத்தின் பொறுப்பில் விட வேண்டியிருக்கிறது.

சட்ட வரலாறு நெடியது. ஓரிரு இடங்களில் மட்டும் நிற்போம். 1954இல் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வும், 1962இல் கரக் சிங் வழக்கில் ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வும் அந்தரங்க உரிமையை அரசமைப்பில் காணவில்லை. கரக் சிங் வழக்கில் நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு எழுதினார். பிறகு 1994இல் ஒரு தமிழ் வழக்கு வந்தது. ஆட்டோ சங்கர் என்னும் மரணதண்டனைக் கைதி சிறையிலிருந்தபடி தன்வரலாறு எழுதினார். தம்மோடு உறவாடிய காவல்துறை, ஆட்சித்துறை அதிகாரிகள் பலரும் அதில் இடம்பெற்றிருப்பதாகச் சொல்லப்பட்டது. நக்கீரன் இதழ் தொடராக வெளியிட முன்வந்தது. வெளியிடக் கூடாது என்று சிறைத்துறைத் தலைமையிலிருந்து கடிதம் வந்தது. இதழாசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். இலக்கிய வாசகர்கள் அந்த இதழைப் படிப்பதாக வெளியில் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் இந்தியாவின் அந்தரங்கச் சட்டம் அந்த இதழுக்குப் பட்ட கடன் பெரிது.

நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய அத்தீர்ப்பு ஒரே மூச்சில் இரண்டு காரியங்களைச் செய்தது. ஒவ்வொரு குடிமகனுக்கும் தன் குடும்பம், மணம், மகப்பேறு, கல்வி போன்றவற்றில் தன்னைத் தொந்தரவு செய்யாமல் விடும்படி கேட்கும் உரிமை உண்டு; அவர் சம்மதமின்றி அவற்றை வெளியிடுவது தவறு. பொது ஆவணங்களில் உள்ளதற்கு இது பொருந்தாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரைப் போன்றவற்றுக்கு மட்டும் அந்நிலையிலும் காப்பு உண்டு. இது ஒன்று. அரசு அதிகாரிகள் தம் பதவிக் கடமை தொடர்பான செயல்களைப் பொறுத்தவரை இந்த உரிமையைக் காட்டி இழப்பீடு கேட்க முடியாது. பொய் என்று தெரிந்தே எழுதியிருந்தாலொழிய வழக்கு நிற்காது. வெளிவருமுன் தடுக்கவும் அரசுக்கு அதிகாரம் இல்லை. இது மற்றொன்று. சாதாரண மனிதருக்கு அகம், அதிகாரத்துக்குப் புறம். அகத்திணையியல் படித்தவர் எழுதிய தீர்ப்போ என்று எண்ணத் தோன்றும். (ஆட்டோ சங்கர் அடுத்த ஆண்டே தூக்கிலிடப்பட்டார்.)

ஆதார் வந்த பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி என்னும் சிற்றூரில் முதல் பன்னிரண்டு இலக்க எண் வழங்கப்பட்டது. பத்து விரல்களும் இரு கருவிழிகளும் கேட்கப்பட்டன. அப்படிக் கேட்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று வந்ததோ 2016இல்தான், அதுவும் பண மசோதா என்ற பெயரில். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று 2015இல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் வாதிட்டார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவ்வாதத்தைத் தள்ளினார்கள். 2018 செப்டம்பரில் ஆதார் சட்டமே விசாரணைக்கு வந்தபோது நால்வர் அதை நிலைநிறுத்தினர். நீதிபதி சந்திரசூட் மாறுபட்டார். நிலைநிறுத்திய தீர்ப்புங்கூட, அரசின் மானியத்துக்கும் வருமான வரிக்கும் ஆதார் கேட்கலாம், வங்கிக் கணக்குக்கும் கைபேசி இணைப்புக்கும் கட்டாயமாக்கக் கூடாது, பள்ளிச் சேர்க்கைக்கும் நீட் போன்ற தேர்வுகளுக்கும் கட்டாயமாக்கக் கூடாது என்றே சொன்னது. ஆதார் நகல் இல்லாமல் இன்று ஒரு கல்லூரி விண்ணப்பத்தை நீட்டிப் பாருங்கள்.

2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் மையம் ஒப்புதல். ஒப்புதல் தன்னிச்சையாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக இருக்க வேண்டும், விவரம் அறிந்து தருவதாக, நிபந்தனையற்றதாக, ஐயத்துக்கு இடமற்றதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. (தரவுக்கு உரியவரைச் சட்டம் முழுவதும் பெண்பாலில் குறித்திருப்பதும் பாராட்டத் தக்க புதுமை.) இந்த ஐந்து அடைமொழிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஜூன் மாதத்தில் ஒரு கல்லூரி அலுவலகச் சன்னலின் முன் நின்று பார்க்க வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவி, கூடவே கூலி வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வந்த தந்தை. ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஓடிபி வரும் கைபேசி எண். இவற்றுள் எதையேனும் தர மாட்டேன் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இருக்கிறார்களா? புதுமைப் பெண் திட்டத்திலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வர வேண்டுமென்றால் ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்க வேண்டும். அத்திட்டங்கள் எத்தனை பெண்களைப் படிப்பில் நிறுத்திவைத்திருக்கின்றன என்பதை நாம் வகுப்பறையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவற்றைக் குறை கூறவில்லை. மறுக்க முடியாத இடத்தில் வாங்கும் கையெழுத்தை ஒப்புதல் என்று அழைப்பதைத்தான் குறை கூறுகிறோம். சட்டம் இச்சங்கடத்தை வேறு வகையில் தீர்த்துவைத்திருக்கிறது. அரசு உதவித்தொகை, சான்றிதழ், உரிமம் முதலியவற்றுக்காகப் பெறும் தரவுக்குப் பல நிலைகளில் ஒப்புதலே தேவையில்லை என்று ஒரு பிரிவு எழுதிவிட்டது!

ஒருமுறை, பெயர் சொல்ல வேண்டாத ஓர் அலுவலகத்திலிருந்து உதவித்தொகைப் பட்டியல் ஒன்று வகுப்பு வாட்ஸப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. பெயர், சாதி, தந்தையின் ஆண்டு வருமானம், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் எல்லாம் ஒரே அட்டவணையில். விடுபட்டவர்கள் வந்து தெரிவிக்கலாம் என்ற நல்லெண்ணம்தான். அதுவரை தன் சமூகத்தைப் பற்றி எவரிடமும் பேசியிராத முதலாண்டு மாணவி ஒருவர் மறுநாள் வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. கடைசி வரிசைக்குப் போயிருந்தார். யாரும் எதுவும் சொன்னதாகப் புகார் இல்லை. இடம் மட்டும் மாறியிருந்தது, அந்தப் பருவம் முடியும்வரை.

2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவிலும் 2019 மசோதாவிலும் இத்தகைய விவரங்களுக்குத் தனிக் காப்பு இருந்தது. உடல்நலம், நிதி, மதநம்பிக்கை, உடற்கூறு அடையாளம் ஆகியவற்றோடு சாதி, பழங்குடி என்பவையும் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தரவு என்று பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருந்தன. அந்த மசோதா 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு நிறைவேறிய சட்டத்தில் அவ்வகையே இல்லை. செருப்புக் கடையில் தரும் கைபேசி எண்ணும் சாதிச் சான்றிதழும் அதன் கண்ணுக்கு ஒன்று. இந்த மண்ணின் நடப்பை அறிந்தவர் எவரும் இப்படி எழுதியிருக்க மாட்டார். சாதியைக் கேட்கவே கூடாது என்பாரோடும் நமக்கு உடன்பாடில்லை. இடஒதுக்கீட்டின் கதவைத் திறக்கும் சாவி அது. சாவியைக் கேட்டு வாங்குவது வேறு, தெருவில் மாட்டிவைப்பது வேறு.

இன்னொரு வேடிக்கை. இச்சட்டம் டிஜிட்டல் வடிவில் பெற்ற தரவுக்கும், தாளில் பெற்றுப் பின்னர் கணினியில் ஏற்றிய தரவுக்கும் மட்டுமே பொருந்தும். கணினியில் ஏறாத ஜெராக்ஸ் கட்டு இதன் எல்லைக்கு வெளியே. நம் நாட்டில் அடையாளம் கசிவது பெரும்பாலும் அந்தக் கட்டிலிருந்துதான். விண்ணப்பத்தோடு இணைத்த நகல்கள் அலுவலக மூலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, பழைய தாள்காரரிடம் போய், வேர்க்கடலைப் பொட்டலமாகத் திரும்பி வருகின்றன. 2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று எச்சரிக்கை விடுத்தது. நல்ல அறிவுரை. இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. மக்கள் தவறாகப் பொருள் கொண்டுவிடக் கூடும் என்பது காரணம்.

தண்டனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காவாமல் விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அப்பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். விவரம் கசிந்து நட்டப்பட்டவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க ஒரு பிரிவு இருந்தது. புதிய சட்டம் அதையும் நீக்க வழி செய்கிறது. மாறாக, பொய்ப்புகார் கொடுத்தால் புகார்தாரருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை மத்திய அரசே நியமிக்கும், அதுவும் இரண்டாண்டுப் பதவிக்காலத்துக்கு. அரசின் எந்த அமைப்புக்கும் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களைக் காட்டி முழு விலக்கு அளிக்கவும் அதே அரசுக்கு அதிகாரம் உண்டு.

இப்போது, முந்திக்கொண்டு உள்ளே போன அந்த ஒரு வரிக்கு வருவோம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்தரங்கத்தை மறந்துவிடவில்லை. பொதுச்செயலோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் தகவலைத் தர வேண்டியதில்லை. பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அது நிறுத்துப் பார்த்துச் சொல்லியிருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று அதன் கீழ் ஒரு வரியும் இருந்தது. குடிமகனைச் சட்டமன்ற உறுப்பினருக்கு நிகராக உட்காரவைத்த வரி அது. புதிய திருத்தம் இவை அனைத்தையும் வழித்தெடுத்துவிட்டுத் 'தனிநபர் தகவல்' என்பதை மட்டும் நிறுத்தியிருக்கிறது. தனிநபர் தகவலாக இருந்தால் தர வேண்டியதில்லை, அவ்வளவுதான். பொதுநலன் கருதித் தரலாம் என்னும் பொதுவான பிரிவு வேறோர் இடத்தில் இருக்கத்தான் செய்கிறது, ஆகவே கவலை வேண்டா என்று அரசுத் தரப்பு சொல்கிறது. இருக்கிறது, ஆனால் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருந்த அலுவலர் இனி அதைத் தேட வேண்டியதில்லை. தருவதற்குத்தான் காரணம் தேட வேண்டும். நம் அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்பதற்கு ராஜஸ்தானத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே உழவர் உழைப்பாளர் சங்கமான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட்கிரானா என்னும் ஊரில் மக்கள் மன்றம் ஒன்றைக் கூட்டியது. பொதுப்பணிகளின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள். இத்தகைய மன்றங்களில்தான், வேலைக்கே போகாதவர் பெயரிலும் இறந்துபோனவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. நாடெங்கும் தகவல் உரிமை கேட்ட இயக்கத்தின் வேர்களுள் அது முக்கியமானது. (மாநிலங்களுள் முதலாவதாக 1997இல் அப்படியொரு சட்டம் இயற்றிய பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. அதில் விலக்குகளே மிகுதி என்ற குறையும் உண்டு.) வருகைப் பட்டியலில் உள்ள பெயர் தனிநபர் தகவலா என்றால், ஆம். ஒப்பந்தக்காரர் பெயர், அளவு சரிபார்த்த பொறியாளர் பெயர், போலிச் சான்றிதழ் காட்டிப் பதவி பெற்றவரின் கல்வித் தகுதி எல்லாமே தனிநபர் தகவல்தான். அவற்றை வாய்விட்டுப் படிக்காமல் களவைக் கண்டுபிடிக்க முடியாது. புறத்தில் பெயர் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

1994ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் இந்தத் திருத்தத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நடந்திருப்பது விளங்கும். அப்போது குடிமகனுக்குத் திரையும் அதிகாரிக்கு வெளிச்சமும் வைத்தார்கள். இப்போது குடிமகன் பத்து விரலையும் கருவிழியையும் கொடுத்துவிட்டு நிற்கிறான். அவனுக்காகத் தைத்த திரையை எடுத்து அலுவலகச் சன்னலில் மாட்டிவிட்டார்கள். தகவல் உரிமையைக் கருவியாக்கிப் பிறரைத் துன்புறுத்துவோர் இருக்கிறார்களே என்பது உண்மையே. பிரிந்துபோன மனைவியின் சம்பள விவரம் கேட்டு எழுதும் ஆட்களை நாமும் அறிவோம். அவர்களைத் தடுக்கப் பழைய பிரிவே போதுமானது, தடுத்தும் வந்தது.

எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. முந்தைய வரைவுகளில் இதழியலுக்கு விலக்கு இருந்தது, சட்டத்தில் இல்லை. ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் மட்டும், வகுத்த தரங்களுக்கு உட்பட்டு, விலக்கு இருக்கிறது. வாழ்ந்துகொண்டிருக்கும் எழுத்தாளரைப் பற்றி இணையத்தில் நினைவுக் குறிப்பு எழுதுவோரும், பழைய கடிதங்களைப் பதிப்பிப்போரும் இதை ஒருமுறை படித்துவைப்பது நல்லது. வாழ்க்கை வரலாறு நம் மொழியில் ஏற்கெனவே புகழுரையாகச் சுருங்கிக் கிடக்கிறது. உரியவரின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் ஒரு கசப்பான உண்மையை எழுத முடியாது என்ற நிலை வந்தால் மலர் வெளியீட்டு விழாக்கள்தாம் மிஞ்சும்.

குறைகளையே அடுக்கிவிட்டோம். சட்டத்தில் நமக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தரவு கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்று அறிவிப்புத் தர வேண்டும். அதை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் தாம் விரும்பும் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு உரியவருக்கு இருக்க வேண்டும். ஆகவே தமிழில் கேட்டால் தமிழில் தந்தாக வேண்டும். அந்தத் தமிழை யார் எழுதுவார்கள்? வங்கிப் படிவத்துத் தமிழை நாம் பார்த்திருக்கிறோம்; ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அதைப் புரிந்துகொள்ள இயலாது. விவரம் அறிந்து தரும் ஒப்புதல் என்பது, படித்தால் புரியும் தமிழில் தொடங்குகிறது. தமிழ்த் துறைகள் செய்ய வேண்டிய வேலை இது, 2027 மே மாதத்துக்குள்.

எங்கள் முதுகலை மாணவர்களிடம் கல்லூரிச் சேர்க்கைக்கான ஒரு பக்க அறிவிப்பை எழுதித் தரச் சொன்னோம். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'மறுக்கிறேன்' என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும் என்றார் ஒரு மாணவி. மறுத்தால் என்ன கிடைக்காது என்பதை அதற்குக் கீழேயே எழுதிவிட வேண்டும் என்றார் இன்னொருவர். சரியென்று பட்டது. அந்த வரியை நிரப்புவதற்காக அலுவலகத்தில் விசாரித்தோம். மறுத்தவர் இதுவரை யாரும் இல்லை, ஆகையால் என்ன ஆகும் என்று சொல்லத் தெரியவில்லை என்றார்கள். மாதிரியில் அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறோம்.